விரால் குஞ்சும் என் கொழுந்தனாரும்

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம், சைகோனிலிருந்து திரும்பிய என் கொழுந்தனார் புதுத் தூண்டிலோடு என்னுடன் ஊசுட்டேரிக்கு வந்தார். கரையோரத் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் செக்கச்செவேலென்று கொதித்தது.

“விரால் குஞ்சுங்க. குறவைக் குஞ்சு இந்தச் செவப்பு இருக்காது. தாய் அடியிலயே காவல் நிக்கும்” என்றேன். அந்த ஏரியில் மீனைப் பிரித்துச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

“தவளையக் கோத்துப் போட்டா கோவத்துல பாஞ்சி கவ்வும், அண்ணி.”

குஞ்சோடு இருக்கும் மீனைப் பிடிக்கக் கூடாதென்பது ஏரிக் கட்டுப்பாடு. அதைச் சொன்னேன்.

“காவக்காரர்தான் இல்லியே, யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்துக்கிட்டுதான நிக்கிறேன்.”

அவர் நூலைச் சுற்றினார். அன்று வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு. நான் மறுசோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.