நம்மாள் லாரி ஏறினால் விழும் புரோகிராம்

ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டு வந்தவன் நான். ஆனாலும் சுங்கைப்பட்டாணியிலிருந்து பெண்டாங் வரை, மில்லில் லாரி எடை போடும் புரோகிராமை எழுதியது யாரென்று கேட்டுப் பாருங்கள். என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். முதல் மில்லில் பிழையைக் காட்டிக்கொடுத்த அந்தக் கறுப்புத் திரையை நினைத்தால் இன்றைக்கும் மனம் இனிக்கிறது.

முதல் மில் மெர்போக் பக்கம். அதை நம்பித்தான் என் மனைவி ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு என்னோடு புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். செம்பனைக் குலையோடு லாரி எடைமேடையில் ஏறும். கணக்கு எழுதும் கிராணி டிரைவர் பெயரை அடிப்பார். அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பு உருவாகி, சீட்டு வெளிவரும். தொடங்கிய அன்று காலையிலேயே புரோகிராம் விழுந்தது. மலாய்க்கார டிரைவருக்கும் சீன டிரைவருக்கும் ஓடியது, தமிழ் டிரைவர் வந்தால் மட்டும் படுத்துக்கொண்டது.

“மதியத்துக்குள்ள சரியாகலன்னா உங்க மெஷினத் தூக்கிட்டுப் போயிருங்க,” என்றார் மேனேஜர். லாரிகள் சாலை வரை நின்றன.

வரிசையில் முதலில் நின்ற டிரைவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “அண்ணே, நம்மாளப் பாத்தாதான் உங்க கம்ப்யூட்டருக்கு மயக்கம் வருது லா! ஒரு தாயத்து கட்டி விடுங்க.”

“கோப்பியக் குடிடா தம்பி. எழுதுனவனே வந்திருக்கேன்.”

பிழை தேடும் டீபக்கரை ஓட்டினேன். எங்கே விழுந்தது என்று கேட்டால் வெறும் கேள்விக்குறிகளைக் காட்டியது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது ஃபங்ஷன் பெயர், வரி எண் எல்லாவற்றையும் உரித்தெடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். அப்போதுதான் புரோகிராம் சின்னதாக இருக்கும்.

“-g போடாம, பேரும் வரி நம்பரும் இல்லாம அதுகிட்ட என்னத்தக் கேக்கப் போறீங்க?” என்றாள் கூட வந்திருந்த மனைவி.

“எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா போடுங்க. -O0-வும் சேத்துப் போடுங்க. இல்லன்னா கம்பைலர் வரிய எல்லாம் கலைச்சுப்புடும், அது ஒரு எடத்தக் காட்டும், நீங்க வேற எடத்தத் தேடுவீங்க.”

போட்டேன். உரிக்கும் வேலையையும் நிறுத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்து, டீபக்கருக்குள் ஓட்டினேன். கிராணி அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை அடித்தார். விழுந்தது. விழுந்த இடத்தைக் காட்டச் சொல்லி bt என்று தட்டினேன். கேள்விக்குறிகள் போய், நாங்கள் எழுதிய புரோகிராம் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வந்து நின்றன. சீட்டை எழுதும் வரி அது. எழுத வேண்டிய கோப்பு திறக்கவே இல்லை. பெயரைக் காட்டச் சொன்னேன்: டிரைவர் பெயர், A/L, அப்பா பெயர். மகன் என்பதற்கு நம்மாள் அட்டையில் போடுகிறார்களே, அந்த A/L. நடுவிலுள்ள சாய்கோட்டைப் பார்த்த மெஷின், அதற்கு முன்னால் இருப்பது ஃபோல்டர் என்று நினைத்து, இல்லாத ஒன்றைத் தேடி அலைந்திருக்கிறது. கடையில் சோதித்தபோது நான் அடித்ததெல்லாம் மொட்டை, கட்டையன், பெரியண்ணன். தோட்டத்தில் யார் யாரை அப்பா பெயரோடு கூப்பிடுகிறார்கள்?

கோளாறை வைத்தவனும் நான், பிடித்தவனும் நான். இரண்டு பெருமையும் எனக்கே.

கோப்புக்கு சீட்டு எண்ணையே பெயராக வைத்தேன். லாரி ஏறியது, சீட்டு வந்தது.

“எங்கப்பா பேரும் முழுசா வந்திருக்கு லா,” என்றான் டிரைவர். “எட கூடுதலா காட்டுனா, அது அவரும் ஏறுனதாலதான்.”

மேனேஜர் வந்து, நகரும் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் லாப்டாப்பை மூடப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள்.

“இருங்க. இன்னொரு நம்மாளு ஏறட்டும்.”