விரல் வைக்க ஒரு வரி

நீதிமன்ற வாசலில் உயில் எழுதிக் கொடுப்பவருக்கு ‘டிவைஸ்’ (devise) என்றே பெயராகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஆங்கிலச் சொல்லை விளக்குவார். திட்டம் வகுப்பதற்கும் அதுதான். வீடு நிலத்தை உயிலில் விட்டுப்போவதற்கும் அதுதான். லத்தீன் வேரில் பிரிப்பது என்று பொருள்.

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பார். “மனுஷன் சாவுக்கு முந்தி எழுதிரணும்னு ஓடி வர்றாரு. நீ பாடம் நடத்துறியேய்யா.”

தொழிலில் சுத்தம். ஆங்கிலத்தில் எழுதியதை வரிக்கு வரி விரல் வைத்துத் தமிழில் சொல்லிக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கமாட்டார்.

தன் அப்பாவின் உயிலையும் அப்படித்தான் வாசித்தார். வீடு மகனுக்கு, பின்னறையும் அதன் தனிவாசலும் மகளுக்கு. அப்பாவுக்குக் கண் மங்கியிருந்தது. சாட்சிகளுக்கு ஆங்கிலம் தெரியாது. தங்கை கட்டிலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரியா பிரிச்சிருக்கேன்ல?” என்றார் அப்பா.

“சரிதாம்ப்பா” என்றார் டிவைஸ்.

பின்னறை தாளில் இல்லை. அதை வாசித்தபோது அவர் விரல் சாட்சியின் முகவரிமேல் இருந்தது. மூன்று நாள் யோசித்துச் செய்தது.

அப்பா போய் ஒரு மாதம். இன்று காலை தங்கை மேசைக்கே வந்துவிட்டாள், கையில் அளவு நாடாவோடு.

“அண்ணே, பின்னறைச் சாவி குடு. தையல் மெஷின் வாசல்ல நுழையுமான்னு அளக்கணும். வாடகை வீட்ட காலி பண்றேன்னு சொல்லிட்டேன்.”

“அதுக்குள்ளயா?”

“ஆமா. நம்ம எடம்தானே.” பெஞ்சில் உட்கார்ந்தாள். “அப்பா சொன்ன அந்த வரிய இன்னொரு தடவ படியேன். கேக்கணும்போல இருக்கு.”

இழுப்பறையிலிருந்து நகலை எடுத்தார். அந்த வரி அவருக்கு மனப்பாடம். பக்கத்து மேசைக்காரர் தட்டச்சை நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும்.

“எங்கண்ணே இருக்கு? என் விரல அதுமேல வையி. எழுத்து தெரியாட்டியும் எடம் தெரியட்டும்.”

ஊசி குத்திய தழும்புகள் உள்ள சுட்டுவிரல். பிடித்துத் தாளின்மேல் கொண்டுபோனார். மேலிருந்து கீழே வந்தார். கையெழுத்துவரை வந்தும் அந்த விரலை இறக்க இடமில்லை.

“இதுல இல்லம்மா.”

“சரி, எதுல இருக்கு?” என்று கேட்டு, விரலை எடுக்காமல் அடுத்த தாளுக்காகக் காத்திருந்தாள்.