வான்னு கூப்பிடுற சீட்டி

லுணுகலை தாண்டி மொனராகலைக்கு இறங்கும் வழியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. ரோட்டோரம் சோளக்காடு. உள்ளே ஒரு பெண் பிஸ்கட் டின்னைக் கம்பால் தட்டிக் கிளி விரட்டுகிறார். அவர் கணவர் செல்வராசு, தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு இந்தக் காணியைக் குத்தகைக்கு எடுத்தவர், எனக்கு அவித்த சோளம் ஒன்றை நீட்டுகிறார்.

"இது முந்தி வயலுங்க. நெல்லு அறுத்ததும் தண்ணி தேங்கி நிக்கும், காட்டு வாத்து வரும். நான் சீட்டி அடிச்சா கூட்டமா எறங்கும். கண்ணி வச்சுப் புடிப்போம். அன்னைக்கு தோட்டத்து லயத்துல வரிசை வீடெல்லாம் கறி மணக்கும். சோளத்துக்குத் தண்ணி நிக்கக் கூடாதே! வாத்து வர்றதில்ல. கிளிதான் வந்து பாதியைத் தின்னுட்டுப் போகுது."

"அந்தச் சீட்டியாலேயே கிளியை விரட்ட முடியாதா?"

சிரிக்கிறார். "அது வான்னு கூப்பிடுற சீட்டிங்க. போன்னு சொல்ற சீட்டி எனக்குத் தெரியாது."

ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்கிறேன். உதட்டைக் குவிக்கிறார். மெல்லிசாக, நடுங்கி நடுங்கி எழும்புகிறது அந்தச் சத்தம். என்னையறியாமல் வானத்தைப் பார்க்கிறேன்.

டின் சத்தம் நின்றுவிடுகிறது. சோளத்துக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வருகிறது: "ஏங்க, இருக்கிற கிளி பத்தாதா? இன்னும் கூப்பிடுறீங்களா?"