கிசில்ச்சாவுக்கு முதலில் வந்தது யார்

புருல்கானிடம் யார் என்று கேட்டால் பெயரைச் சொல்ல மாட்டாள். "கிசில்ச்சாவுக்கு முதல்ல வந்தவ நான்தான்" என்பாள். மருந்துக் கடையில் அதைத்தான் சொல்வாள். மினிபஸ்ஸில் இடம் பிடிக்கவும் அதைத்தான் சொல்வாள். யாரும் பெரிதாக அசந்துவிட மாட்டார்கள். ஆனாலும் மாத்திரை கொஞ்சம் சீக்கிரம் கைக்கு வரும்.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்து ஓரத்தில், சர்க்கரை பீட்ரூட் கிழங்கு விளைந்த வயலில் முளைத்த குடியிருப்பு இது. அரசாங்கக் காகிதத்தில் வேறு ஏதோ கம்பீரமான பெயர் இருக்கிறது. அது தபால்காரருக்கே நினைவில்லை. அந்தக் கிழங்குக்கு எங்கள் பேச்சில் கிசில்ச்சா என்று பேர், இடத்தையும் அப்படியே எல்லாரும் சொல்கிறோம்.

புருல்கான் நாரின் மலைப்பக்கத்துக்காரி. அங்கே கூட்டுப்பண்ணை கலைந்து, பங்காகக் கிடைத்த ஆடுகளும் தீர்ந்த பிறகு, புருஷனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்தாள். வந்த இடத்தில், யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில், வயலின் மேல்கோடியில் நாலு கம்பை நட்டுக் கம்பளத்தைப் போர்த்தி அடுப்பு மூட்டினாள். அன்று பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத பனிமூட்டம். "இந்த வெட்டவெளியில நாம மட்டும்தானா?" என்று புருஷன் முனகினான். "ஆமா, நாமதான் முதல்ல. நம்மளைப் பார்த்து நாலு பேர் வருவாங்க பாரு" என்று அதட்டினாள்.

காலையில் பனி விலகியது. வயலின் கீழ்க்கோடியில் இன்னொரு கம்பளக் கூடாரம், இன்னொரு அடுப்புப் புகை.

ஓர் இடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களை, முன்பே இருப்பவர்கள் கூப்பிட்டு விருந்து வைத்து வாழ்த்த வேண்டும். எங்கள் ஜனங்கள் இதை ஒருலுக் என்பார்கள். கூப்பிடாதவன் மனுஷனே இல்லை. கூப்பிட்டும் போகாதவன் அதைவிட மோசம். புருல்கான் கைவசம் இருந்த ஒரே கோழியை அடித்து உலையில் போட்டுவிட்டு, புதிதாக வந்த பாவப்பட்ட ஜனங்களைக் கூப்பிடப் போனாள். பாதி வயலில் எதிரே ஒருவன் வந்தான். துர்குனாலி, தாலாஸ் பக்கத்து டிராக்டர்காரன்.

"புதுசா வந்திருக்கீங்க. எங்க வீட்டுல சாப்பிடணும், வாங்க" என்றாள் புருல்கான்.

"நல்லா இருக்கே! புதுசா வந்தது நீங்க. என் பொண்டாட்டி கோழி அடிச்சு வச்சுட்டு உட்கார்ந்திருக்கா, நீங்க வாங்க."

"நாங்க நேத்து சாயங்காலமே வந்தாச்சு."

"நாங்களும் நேத்து சாயங்காலம்தான்."

"எங்க அடுப்புதான் முதல்ல எரிஞ்சுது."

"என் அடுப்பை நீங்க பார்த்தீங்களா? அந்தப் பனியில உங்க மூக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது!"

இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். அவரவர் கோழியை அவரவரே தின்றார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு இருபது வருஷத்துக்கு மேல் நின்றது.

இதில் கொழுத்தது குடியிருப்புதான். அடுத்த வாரமே பத்துப் பதினைந்து குடும்பங்கள் வந்தன, பிறகு வந்துகொண்டே இருந்தன. வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேலே ஒரு ஒருலுக், கீழே ஒரு ஒருலுக். புருல்கான் வீட்டில் நூடுல்ஸும் ஆட்டுக்கறியும் என்றால் துர்குனாலி வீட்டில் புலாவ். கிசில்ச்சாவுக்குப் போனால் இரண்டு விருந்து என்று நகரம் முழுக்கப் பேச்சு. அதற்காகவே குடிவந்த ஒரு லாரி டிரைவரைக்கூட எனக்குத் தெரியும்.

மண்ணை மிதித்துச் சுடாத செங்கல் அறுத்து, எல்லாரும் சேர்ந்து ஒரு வீட்டை எழுப்பினால் மறுவாரம் அடுத்த வீடு. போலீஸ் வந்து மிரட்டியது, தேநீர் குடித்துவிட்டுப் போனது. நெடுஞ்சாலைக் கம்பத்திலிருந்து கள்ளத்தனமாக மின்சாரம் வந்தது. அப்புறம் அதுவே நல்லதனமாகவும் வந்தது. பள்ளிக்கூடம் ஒரு பழைய ரயில் பெட்டியில் தொடங்கியது. மருந்துக் கடை, முடிதிருத்தும் கடை, தொழுகை இடம், கடைசியில் மினிபஸ். எல்லாம் வந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை. கால்வாய்க்கு அப்பால் உள்ள அடிகுழாயிலிருந்து, பெரிய பால் கேனை இரண்டு சக்கர வண்டியில் கட்டி இழுத்து வரவேண்டும். குளிர்காலத்தில் பாதை முழுக்கக் கண்ணாடிப் பனி. போன வருஷம் புருல்கானின் மருமகள் நுர்ஜமால் கேனோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மகன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கிறான். வீட்டில் தண்ணீர் இழுக்க வேறு ஆள் இல்லை.

இந்த இலையுதிர் காலத்தில் குழாய் போடும் அலுவலகத்திலிருந்து மேஸ்திரி ஒருவர் வந்தார். தெரு நெடுக நீங்களே பள்ளம் வெட்டி வையுங்கள், நாங்கள் குழாய் இறக்குகிறோம், மண் உறைவதற்குள் முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே மண்வெட்டிகள் இறங்கின. மேல்பாதிக்குப் புருல்கான் தலைமை, கீழ்ப்பாதிக்குத் துர்குனாலி. தெருவுக்கு எந்தப் பக்கம் வெட்டுவது என்று இரண்டு பேரும் யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? தன் வீடு இருக்கும் பக்கம்தானே பக்கம்!

நடுத்தெருவில் இரண்டு பள்ளங்களும் ஒன்றையொன்று தாண்டிப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மேலாட்கள் கிழக்கு ஓரத்தில் தலையை நீட்டினார்கள், கீழாட்கள் மேற்கு ஓரத்தில். முதலில் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. மேஸ்திரி வந்ததும் சிரிப்பு நின்றது.

"மினிபஸ் போற ரோட்டைக் குறுக்கே வெட்ட எனக்கு அனுமதி இல்லை. யாராவது ஒருத்தர் மூடிட்டு அடுத்த பக்கம் வெட்டுங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல நான் வேற ஊருக்குப் போயிருவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

யார் மூடுவது? முதலில் வந்தவர்கள் சொன்ன பக்கம்தான் சரி என்று மேல்தெரு சொன்னது. கீழ்த்தெருவும் அதையேதான் சொன்னது. சாயங்காலம் துர்குனாலி அனுப்பிய ஆள் வந்து, அவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். "புருல்கானை நம்ம வீட்டுக்கு ஒருலுக் சாப்பிட வரச் சொல்லு. வந்தா, எங்க பள்ளத்தை நானே மூடிட்டு அவங்க பக்கமே வெட்டித் தர்றேன்."

புருல்கானுக்குத் தலை கொதித்தது. போய்ச் சாப்பிட்டால் அவன் முதல் ஆள், இவள் பின்னால் வந்தவள் என்றாகிவிடும். படிப்பு இல்லை, பதவி இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இருப்பது இந்த ஒரு பெருமைதான். அதையும் புலாவ் தட்டில் வைத்துக் கேட்கிறான் பாவி!

"அத்தை, உங்களுக்கு அந்தப் பேரு வேணும். எனக்குத் தண்ணி வேணும்" என்றாள் நுர்ஜமால், முறிந்து கூடிய கையைப் பிடித்துவிட்டபடி. "இந்தக் கையால இன்னொரு குளிர்காலம் என்னால இழுக்க முடியாது. நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். பேரனைப் பார்க்கணும்னா பஸ் ஏறி வந்துக்குங்க."

சொன்னால் செய்கிற பெண் அவள். மறுநாள் மத்தியானம் புருல்கான் வெள்ளைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு பொட்டலம் மிட்டாயோடு தெருவில் இறங்கிக் கீழ்நோக்கி நடந்தாள். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. அவமானத்தில் அவளுக்குக் காது சிவந்துபோயிற்று.

துர்குனாலியின் மனைவி காலிபா கதவைத் திறந்தாள். "வாங்கக்கா, உள்ள வாங்க. காத்து குளிருது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய விருந்தாளிக்கென்று உள்ள மேல் இடத்தில் மெத்தை விரித்து உட்கார வைத்தாள். விரிப்பு நிறையப் பொரித்த ரொட்டி, ஜாம், புலாவ். துர்குனாலிக்கு மீசை முழுக்க நரைத்திருந்தது. அவளுக்கென்று ஆட்டின் நல்ல துண்டாகப் பார்த்துத் தட்டில் வைத்தான். ஜெயித்த முகம்தான், ஆனால் துள்ளவில்லை. வெளியே கீழாட்கள் பள்ளத்தை மூடும் சத்தம் கேட்டது.

சாப்பிட்டு முடித்ததும் அவன் இரண்டு கைகளையும் ஏந்தினான்.

"நல்வரவு, புருல்கான். இந்த மண்ணு உனக்கு ஒத்துக்கட்டும். உன் அடுப்பு அணையாம எரியட்டும். பக்கத்துல நாங்க இருக்கோம், பயப்படாதே."

எத்தனையோ குடும்பங்களுக்கு இதே வாழ்த்தை அவள் சொல்லியிருக்கிறாள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தப் பனியில், கைக்குழந்தையோடு, புருஷனை அதட்டிவிட்டுத் தானும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொல்ல ஆள் இல்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

துர்குனாலி மிரண்டுபோனான். "என்னம்மா, புலாவ்ல மிளகாய் ஜாஸ்தியா?"

"அதெல்லாம் இல்லண்ணே." அவள் தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்தாள். "உங்களுக்கு இந்த வாழ்த்தை யாரு சொன்னாங்க?"

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"யாரும் சொல்லலக்கா" என்றாள் காலிபா.

புருல்கான் எழுந்து காலணியை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துருங்க. புதுசா குடிவந்திருக்கீங்க, கூப்பிடாம இருந்தா நல்லா இருக்காது."