ரூபாய் காகிதமாகும் என்று பேசிய நாட்கள்

காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நூகுவின் நாணய மாற்றுக் கடை இருக்கிறது. பத்தொன்பது வருஷம் ஷார்ஜாவில் ஒரு எக்ஸ்சேஞ்சில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர், ஊர் திரும்பியதும் உரிமம் வாங்கி அதே வேலையைத் தொடர்ந்தார். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் திர்ஹம் கொண்டுவருவார்கள். பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து யூரோ வரும். மதியம் திருமலைராயன்பட்டினத்துக்கு ஸ்கூட்டரில் போய்ச் சாப்பிட்டு, அரை மணி கண்ணயர்ந்துவிட்டுத் திரும்புவார். இதற்கு மேல் அவருக்கு ஆசையும் இல்லை, வீட்டுக்கு ஒரு மாடி போடுவதைத் தவிர.

மாடிக்கான ஒன்பது லட்சத்தை ஒரு தனியார் வங்கியில் போட்டிருந்தார். கான்கிரீட்டுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த வாரம் பார்த்துத்தான் அந்த வங்கியின் வாராக்கடன் வெளியே வந்தது. நாற்பதாயிரத்துக்கு மேல் யாரும் எடுக்க முடியாது என்றார்கள். வங்கியைக் கைதூக்கிவிட அரசு பல்லாயிரம் கோடி இறக்கப்போகிறது என்று அன்று மாலையே செய்தி வந்தது.

மறுநாள் காலை கடை திறக்குமுன்பே வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் கையிலும் வெளிநாட்டு நோட்டு இல்லை. எல்லோருக்கும் டாலர் வேண்டுமாம். முன்னால் நின்றவர் ராஜ்மோகன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவது, கட்டட வேலைக்கு ஜல்லி கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவருக்கு மூன்று டிப்பர் லாரி ஓடியது.

"பாய், நாலு லட்சத்துக்கு டாலர் குடுங்க. ரேட்டுக்கு மேல ஒரு ரூபா போட்டே தர்றேன்."

"எந்த ஊருக்குப் போறீங்க? பாஸ்போர்ட், டிக்கெட் காட்டுங்க."

"ஊருக்கெல்லாம் போவல பாய். அரசாங்கம் நோட்டடிச்சு பேங்குல கொட்டப் போவுது. நாளைக்கு ரூபா வெறும் காகிதமாயிடும்."

"வெளிநாடு போறவங்களுக்குத்தான் நான் விக்கலாம். வீட்டுல பூட்டி வெக்கிறதுக்குக் குடுத்தா எங்கடையப் பூட்டிடுவாங்க" என்று சிரித்த நூகு, அவரை உள்ளே உட்காரவைத்தார். "சரி, ஒண்ணு கேக்குறேன். பேங்குக்கு அந்தப் பணம் வந்துட்டா, நீங்க அதுல போட்டிருக்கறத விடக் கூடுதலா ஒரு ரூபா கைக்கு வருமா?"

"எப்படி வரும்? நான் போட்டது எனக்குத் திரும்பக் கெடைக்கும், அவ்வளவுதான்."

"அப்புறம் என்ன? கடைக்குப் போயி நீங்களும் நானும் கூடுதலா எதுவும் வாங்கப்போறதில்ல. காணாமப் போன பணத்தோட எடத்துலதான் இந்தப் பணம் வந்து ஒக்காருது. ஒரே நாள்ல வெல எப்படி ஏறும்?"

"அப்ப ஏறவே ஏறாதுங்கறீங்களா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பேங்க்கா இப்படியே தூக்கிவிட்டுக்கிட்டிருந்தா அரசாங்கத்துக்குக் கடன் ஏறும். கடன அடைக்க நோட்டடிச்சா வெலவாசியும் ஏறும், ரூபாயும் எறங்கும். இந்த ஒண்ணால எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்றவன நம்பாதீங்க."

ராஜ்மோகன் அரை மனதோடு எழுந்து போனார்.

வீட்டில் மனைவி உம்மு சல்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "என்னங்க, ஊரே டாலருக்கு அலையுதாம். நம்ம கடையிலயே இருக்கே, கொஞ்சம் நமக்குன்னு எடுத்து வெச்சா என்ன?"

"பதிமூணுல பட்டது போதாதா?" என்றார் நூகு.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் ரூபாய் சரிந்தபோது திர்ஹம் பதினெட்டரையைத் தாண்டியது. இருபதைத் தொடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போது ஷார்ஜாவில் இருந்த நூகுவும் ஊருக்குப் பணம் அனுப்பாமல் காத்திருந்தார். இரண்டே மாதத்தில் அது பதினேழுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்குள் அவர் பேசிவைத்திருந்த பக்கத்து மனையும் வேறு கைக்குப் போய்விட்டது. ஆசையில் காத்திருந்தாலும் பயத்தில் ஓடினாலும் கணக்கு தப்பத்தான் செய்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது அவருக்கு இன்னும் மாறவில்லை.

மூன்றாம் நாள் பங்கஜவல்லியம்மாள் வந்தார். மகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்த எண்ணூறு யூரோ அவரிடம் இருந்தது, கண்புரை ஆபரேஷனுக்காக. அதை இப்போது மாற்ற வேண்டாம், ரூபாய் விழட்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"அடுத்த மாசம் யூரோ ஏறுமா தம்பி?"

"ஏறலாம்மா. இன்னிக்கு மாத்துனா ரெண்டாயிரம் மூவாயிரம் நட்டமாவும் ஆவலாம். உங்ககிட்ட மறைக்க மாட்டேன். கண்ணு எப்படித் தெரியுது?"

"ஒரே பனி மூட்டம். நீங்க நூகுன்னு கொரல வெச்சுத்தான் தெரியுது."

"அப்ப கண்ணப் பாருங்கம்மா."

அம்மாள் கைப்பையைத் திறந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. அரசு பணத்தோடு வேறு சில வங்கிகளும் பங்கு போட்டு அந்த வங்கியை எடுத்து நிறுத்தின. ஆறாவது வாரம் கட்டுப்பாடு நீங்கியது. நூகுவின் ஒன்பது லட்சத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. ரூபாய் கொஞ்சம் இறங்கியது உண்மை. யூரோவுக்கு இரண்டரை ரூபாய் கூடியிருந்தது. அது வங்கியாலா, கச்சா எண்ணெயாலா என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசினார்கள்.

மாடி வேலையை மறுபடி தொடங்கப் போனபோதுதான் அந்தச் சங்கதி தெரிந்தது. ஜல்லி ஒரு லோடுக்கு அறுநூறு ரூபாய் ஏறியிருந்தது.

"பாத்தீங்களா பாய், வெல ஏறும்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார் ராஜ்மோகன், ஜெயித்துவிட்ட குரலில்.

"டீசல் ஏறுச்சா?"

"இல்ல."

"டிரைவர் சம்பளம்?"

"அதுவும் இல்ல."

"குவாரில?"

"அங்க அதே ரேட்டுதான்."

"பின்ன யாரு ஏத்துனா?"

"எல்லாம் ஏறப்போவுதேன்னு... முன்கூட்டியே நாந்தான் ஏத்துனேன் பாய்."

நூகுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அரசாங்கம் ஏத்துதோ இல்லயோ, நீங்க ஏத்திட்டீங்க. பயந்து நாலு பேரு இப்படிச் செஞ்சா அதுக்குப் பேருதான் வெலவாசி ஏத்தம்."

ராஜ்மோகனும் சிரித்துவிட்டார். "சரி விடுங்க, உங்களுக்குப் பழைய ரேட்டு."

"எனக்கு மட்டும் வேணாம். எல்லாருக்கும் எறக்குங்க, நான் ஆறு லோடு எடுத்துக்கறேன்."

உடனே ஒப்புக்கொள்ளவில்லை அவர். அம்பகரத்தூரிலிருந்து வந்த இன்னொரு லாரிக்காரர் குறைத்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்ட பிறகு, மறு வாரம் நானூறு குறைத்தார். மீதி இருநூறு நின்றேவிட்டது.

கான்கிரீட் போட்ட அன்று உம்மு சல்மா வேலையாட்களுக்குச் சோறும், ஆணம் என்று அவர்கள் வீட்டில் சொல்லும் கறிக்குழம்பும் ஆக்கியிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார் பங்கஜவல்லியம்மாள்.

"ரெண்டாயிரம் நட்டம் தம்பி எனக்கு" என்றார் வந்ததும் வராததுமாக. "ஆனா சீரியல்ல அந்த மாமியா போட்டுருக்குற நகையெல்லாம் இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது. அத்தனையும் கவரிங்!"

வாசலில் கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. நூகு அம்மாளுக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, தானே இலை விரித்தார்.