மாங்கன்றும் பங்களாக் கோரையும்

வாசலில் மாங்கன்று வைப்பதா, கோரை வைப்பதா என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் கோரையை யாராவது வைப்பார்களா? அது தானாக வரும். வயலில் வரும், வாய்க்காலில் வரும், பிடுங்கின இடத்திலேயே மறுபடி வரும். எங்கள் அம்மா பிடுங்காத கோரையா? முதுகு வளைந்து, கால் சேற்றில் ஊறி, நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போகப் பண்ணை வயலில் அதைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கோரைக்கு எங்கள் வாசலில் இடம் கொடுக்கலாமா என்றுதான் பேச்சு.

எங்கள் வாசல் என்கிறேன். அப்போது அது எங்களுடையது இல்லை. பண்ணையார் பங்களாவின் பின்சுவரை ஒட்டி ஒரு வரிசைக் குடிசைகள், அதில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். பண்ணையில் வேலை பார்க்கிறவரை இருக்கலாம், இல்லையென்றால் சட்டி பானையைத் தூக்க வேண்டும். வாசலில் பூசணி படரலாம், கீரை போடலாம், முருங்கைக் கிளை ஊன்றலாம். மா, பலா, தென்னை கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. தின்று எறிந்த கொட்டை முளைத்தால்கூடப் பண்ணையின் காரியக்காரர் குனிந்து பிடுங்கிவிடுவார். ஆளை விரட்டுவதும் கூலி அளப்பதும்தான் அவருக்கு வேலை, ஆனாலும் மாஞ்செடி என்றால் அவர் இடுப்பு தானாக வளையும். பழமரம் வைக்கிறவன் பழம் தின்னும்வரை அங்கே இருக்கப்போகிறான். அந்த நினைப்பு எங்களுக்கு வரக்கூடாது.

அப்புறம் சென்னையில் சட்டம் போட்டார்கள். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று கட்சிக்காரர்கள் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். சட்டம் எங்கள் தெருவுக்கு நடந்துதான் வந்தது, பண்ணையார் காதுக்கு மட்டும் காரில் வந்திருந்தது. நன்னிலம் பக்கம் விவசாயச் சங்கத்தில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு டால்டா டின்னில் ஒட்டு மாங்கன்றோடு வந்தார். வாசலில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் ஓரத்தில் குழி வெட்டி வைத்தார். சுற்றிக் கருவேல முள்ளைக் கட்டினார். இனிமேல் யாரையும் ஆண்டே கீண்டே என்று கூப்பிடக்கூடாது, ஐயா என்றால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அவருக்கென்ன, போய்விட்டார்.

அந்த மாங்கன்று எனக்குப் பிடிக்கவில்லை. நாலு இலை, அதில் ஒன்று பூச்சி அரித்தது. என் மனசெல்லாம் பங்களாவுக்குள் இருந்தது.

களையெடுப்பு இல்லாத நாட்களில் அம்மா பங்களாத் தோட்டத்தைக் கூட்டப் போவாள். நானும் பாவாடையைச் செருகிக்கொண்டு பின்னால் போவேன். அங்கே சிமெண்டுத் தொட்டியில், தண்ணீருக்குள் ஒரு செடி நின்றது. என்னைவிட உயரம். இலையே இல்லாத பச்சைத் தண்டு, நுனியில் மட்டும் குடைக்கம்பிகளை விரித்தாற்போல் சுற்றிலும் இலைகள். காற்றடித்தால் நூறு குடைகள் சேர்ந்து தலையாட்டும். சுவரில் விழுந்த அதன் நிழல்கூட அழகாக இருந்தது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். தெய்வம் குடிக்கிற தண்ணீரில்தான் இப்படி ஒரு செடி முளைக்கும் என்று நினைத்தேன். பண்ணையாரின் மருமகள், சின்னம்மா, சென்னையிலிருந்து கொண்டுவந்த குடைச்செடி என்றார்கள். அம்மா தண்டை விரலால் உருட்டிப் பார்த்தாள். வயல் கோரைக்கு இருப்பது போலவே மூன்று பட்டை.

“கோரை,” என்றாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

நான் நம்பவில்லை. அம்மா சேற்றில் மிதித்துப் புதைக்கிற கோரைக்கு ஒரு ஆள் வேளாவேளைக்குத் தண்ணீர் மாற்றுவானா? அப்படியென்றால் அதில் ஏதோ இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாங்கன்று வைத்த கொஞ்ச நாளில் காரியக்காரர் எங்கள் வரிசைக்கு வந்தார். பின்னால் ஒரு ஆள் ஈரச்சாக்கில் குடைச்செடி தூர்களைச் சுமந்து வந்தான். என் அப்பாவை அதுவரை ‘டேய்’ என்றே கூப்பிட்டவர் அன்றைக்கு, “ஏம்ப்பா, வீட்டுல இருக்கியா?” என்றார். எனக்கு அதுவே அதிசயம். தாலுகா ஆபீசிலிருந்து மனை பார்க்க அதிகாரி வரப்போகிறார், வரிசை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா, சின்னம்மாவே ஆசைப்பட்டுக் கொடுத்தனுப்பினாங்க என்றார். என் கன்னத்தைக் கிள்ளினார்.

“பாப்பா இதையேதான் பாத்துக்கிட்டு நிக்குதாம். மாங்கன்னைப் புடுங்கிட்டு அந்தக் குழியிலயே வையி. கழுவுற தண்ணியே போதும்.”

வாசலுக்கு வாசல் ஒரு தூர் கொடுத்தார். பக்கத்து வீட்டில், என் சிநேகிதியின் அப்பா உடனே நட்டுவிட்டார். எங்கள் தூரை அப்பா ஒரு உடைந்த பானையில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தார். அப்புறம்தான் பேச்சு.

அப்பா கோரைப் பக்கம். மா காய்க்க வருஷக்கணக்காகும், அதுவரை ஆடு விடுமா? காய்த்தால் ஊர்ப்பிள்ளைகள் எறியும் கல்லெல்லாம் நம் கூரையில்தான் விழும். வேர் சுவரைத் தள்ளும். கோரை என்றால் நட்ட மறுநாளே பச்சை, தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆடு சீந்தாது. எல்லாவற்றுக்கும் மேல், பெரிய இடத்துப் பொல்லாப்பு இல்லை. அப்பா சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அம்மா கேட்டது ஒன்றுதான்: அதைத் தின்ன முடியுமா, பாய்தான் நெய்ய முடியுமா, எதற்கு அது? அழகுக்கு என்று நான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பானையை விட்டு நகரவில்லை. அடித்தூரில் புதுக்குருத்து வந்திருந்தது, சுருட்டி வைத்த குடை மாதிரி.

காரியக்காரர் மறுபடி வந்தபோது உச்சிவேளை. மாங்கன்று நிற்பதைப் பார்த்தார். இந்தத் தடவை ‘ஏம்ப்பா’ இல்லை. குடையை விரித்துக்கொண்டு நின்றார். அப்பா மண்வெட்டியை எடுத்தார். முள்ளைப் பிரித்தார். பானையிலிருந்து கோரைத் தூரைத் தூக்கிக் குழியோரம் வைத்தார். மாங்கன்றைப் பிடிக்கக் குனிந்தார்.

அம்மா அப்போதுதான் களையெடுத்துவிட்டு வந்தாள். முழங்கை வரை சேறு. குனிந்து கோரைத் தூரை எடுத்தாள். வேரை உதறினாள். ஒரே திருகு. வரப்பில் எறிவது போல் எறிந்தாள். அது காரியக்காரரின் செருப்பருகே போய் விழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கோபம் இல்லை, வேகம்கூட இல்லை. வயலில் தினமும் எப்படியோ அப்படியே.

“களைங்க ஐயா. கை தன்னால போயிடுச்சு,” என்றாள்.

ஐயா. ஆண்டே இல்லை. நான் குடைச்செடிக்காக அழ வாயெடுத்தவள் அழ மறந்தேன். என் அம்மாவின் கை அவ்வளவு பெரிது என்று அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. காரியக்காரர் அந்தக் கையையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, “நடவுக்கு வருவல்ல, அப்பப் பேசிக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடவுக்கு அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அப்பாவையும் இல்லை. அம்மா பகலெல்லாம் வீட்டில் இருந்தாள், எனக்கு அது பண்டிகை மாதிரி. கஞ்சியில் பருக்கையைத் தேட வேண்டியிருந்ததையும் நான் ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். மற்ற வாசல்களில் குடைச்செடி தளதளவென்று எழும்பியது. நான் தினமும் சிநேகிதி வீட்டு வாசலில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

அதிகாரி வந்தார். பங்களாவில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். காரியக்காரர் சுவருக்கு உள்ளே இருந்த தொட்டியைக் காட்டினார், பிறகு வெளியே வாசல்களைக் காட்டினார். உள்ளே இருக்கிற அதே செடி, எல்லாம் ஒரே தோட்டம், இவர்கள் தோட்ட வேலைக்கு வந்து தங்கியவர்கள் என்றார். அதிகாரி சிநேகிதியின் அப்பாவைக் கேட்டார்.

“இது யார் வச்ச செடி?”

“பண்ணையில குடுத்ததுங்க,” என்றார் அவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. அதிகாரி தலையை ஆட்டினார்.

எங்கள் வாசலில் அதிகாரி நின்றார். மாங்கன்றில் அப்போது ஏழெட்டு இலை. காரியக்காரர் அப்பாவை முறைத்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை, கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எங்க மாமரங்க,” என்றார் அப்பா.

முழங்கால் உயரக் கன்றை மரம் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரிக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். ஆனால் பொய் எழுதவும் ஒரு சாக்கு வேண்டும், அது எங்கள் வாசலில் அவருக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பட்டா வந்தது. குடைச்செடி வைத்த வீடுகள் பங்களாத் தோட்டம் என்று ஆயின. அவர்களை வாய்க்கால் கரைக்குத் துரத்தினார்கள். அழகான செடியைக் கொடுத்து ஆளை வெளியேற்றிய அயோக்கியத்தனத்தை நான் அதற்கப்புறம் எங்கேயும் பார்க்கவில்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் நானும் சிநேகிதியும் அவள் வாசலில் குடைச்செடிக்கு அடியில் உட்கார்ந்து சோறாக்கி விளையாடினோம். இலைகளின் நிழல் எங்கள் மடியெல்லாம் ஆடியது. உள்ளே அவள் அம்மா அழுதுகொண்டிருந்தாள். இப்படி ஒரு செடியை வாசலில் வைத்துக்கொண்டு ஒருத்தி எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.