கடலடியில் ஊறும் தண்ணீர்

எங்கள் ஊரான மயிலிட்டியின் கடலில் ஓரிடத்தில் அடித்தரையிலிருந்து நல்ல தண்ணீர் ஊறும். மீனவரான என் அண்ணை கரைப் பனைகளை நேர்பார்த்து வள்ளத்தை நிறுத்துவார். போத்தல் வாயை விரலால் பொத்திக்கொண்டு சுழியோடி, கல் வெடிப்பில் விரலை எடுத்து நிரப்பி, மறுபடி பொத்திக்கொண்டு மேலே வருவார். எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரருக்கு அதைத்தான் கொடுப்பார்கள்.

உயர்தரத்தில் இரசாயனம் படிக்கும் திமிரில் ஒரு போத்தலைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். வெள்ளி நைத்திரேற்று விட்டால் கடல்நீர் தயிர்போலத் திரளும். இதுவோ இலேசாகக் கலங்கி, மெல்லக் கறுத்தது. உப்புக் குறைவு. கறுத்தது ஐதரசன் சல்பைட்டின் வேலை. அதன் கூழ்முட்டை மணமும் அதனால்தான்.

"தோட்டங்களிலை பெய்யிற மழை, சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை ஓடிக் கடலுக்கடியிலை வருது அண்ணை."

"அப்ப தோட்டக்காரற்றை கிணத்துத் தண்ணியைத்தான் நாங்கள் கடலுக்கை குடிக்கிறமோ? சொல்லிப்போடாதை, அதையும் மறிச்சுப்போடுவாங்கள்!"

தொண்ணூறில் ஷெல்லடிக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தது. நாங்கள் கடலைவிட்டு உள்ளே, பயிர்செய்யும் தோட்டக்காரரின் ஊரில் கொட்டில் போட்டோம். அங்கே கிணற்றுக் கயிற்றை, மீன்பிடிச் சாதியான கரையார் நாங்கள் தொடக்கூடாது. வீட்டுக்காரர் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு நிற்கவேண்டும். அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

அம்மா காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

"எங்கடை கடல் தண்ணியிலை ஒரு வாய் தா தம்பி," என்று அண்ணையைக் கேட்டபடியே கிடந்தார்.

மயிலிட்டி ஆமியிடம் இருந்தது. அண்ணை கிணற்றடியில் காத்து நின்று வாங்கிய தண்ணீரைப் போத்தலில் விட்டார். உப்பு ஒரு சிட்டிகை போட்டார். வாயை விரலால் பொத்தியபடி கொண்டுவந்தார்.

"இந்தாங்கோ அம்மா. எங்கடை கடலுக்கை ஊறினது."

இரசாயனப்படி பெரிய பொய்யில்லை. அதே மழை, அதே கல், பாதிவழியில் அள்ளியது. ஆனால் அம்மா முகர்ந்து பார்த்தார்.

"முட்டை மணம் இல்லையே. கிணத்துத் தண்ணியோ?"

அண்ணை தலையைக் குனிந்தார்.

"கிணத்துக்காரர் உன்னை அள்ள விட்டவையோ?"

"ஓம் அம்மா. என்ரை கையாலை அள்ளினனான்."

அம்மாவின் முகம் தெளிந்தது. நோயில் விழுந்தபிறகு அப்படி ஒரு முகத்தை நான் காணவில்லை.

"அப்ப அவையும் மனிசராயிட்டினம்," என்று சொல்லி முழுவதையும் குடித்தார்.

மறுநாள் காலையில் அம்மா போய்விட்டார். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டி, அண்ணை குடத்தோடு அந்தக் கிணற்றடியில் போய் நின்றார். செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு ஒட்டும் என்று, வெயில் ஏறும்வரை ஒருவரும் வெளியே வரவில்லை.